‘டேஸ் கான்’ போன்ற எழுபது மதிப்பெண் கேம்களுக்கு என்ன தீர்ப்பு எழுதுவது?

பின்னிரவு ஆட்டக்காரர்:

வணக்கம் நண்பர்களே. இரவு உணவு முடிந்து வீடு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று இரண்டு மாதங்களாக விளையாடி, ‘டேஸ் கான்’ என்ற ஜோம்பி கேமைச் சென்ற வாரம் முடித்தேன். 2019 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4-இலும் 2021 மே மாதத்தில் கணினியிலும் வெளிவந்த கேம் இது. நான் விளையாடியது கணினிப் பதிப்பு. தள்ளுபடியில் வாங்கிய பிறகும், விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளம் பிளேஸ்டேஷன் பதிப்புக்குக் காட்டிய 71 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஓர் ஆண்டுக்கும் மேலாக அதைத் திறக்காமலே வைத்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

விளையாடியவர்களுக்கு அதன் குறைகள் தெரிந்தவைதான். கதை சூடு பிடிக்கப் பல மணி நேரம் ஆகிறது. நீரோ என்ற அரசு அமைப்பின் ஆய்வாளர்களைப் புதருக்குள் ஊர்ந்து பின்தொடர்ந்து ஒட்டுக்கேட்கும் மிஷன்கள், ஒருமுறை கண்ணில் பட்டாலே தோல்வி என்ற விதியோடு திரும்பத் திரும்ப வருகின்றன. நாயகன் டீக்கன் தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டே இருப்பதைக் கேட்ட என் மனைவி, “இந்த ஆள் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறான்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். ஆனாலும் ஆரிகன் மாநிலத்து மலைக்காட்டில், பெட்ரோல் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளில், மழை பெய்யும் இரவில் வளைவு திரும்பும்போது, ஃப்ரீக்கர்கள் எனப்படும் ஜோம்பிகள் நூற்றுக்கணக்கில் வெள்ளம்போல் சாலையைக் கடந்து போவதைக் கண்டு எஞ்சினை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கணத்துக்கு இணையாக, நான் விளையாடிய வேறெந்த ஜோம்பி கேமும் எதையும் தரவில்லை.

நண்பர் ஒருவர் நடத்தும் சிறிய வலைப்பூவுக்காக இதைப் பற்றி எழுதி, முடிவில் பத்துக்கு 7 என்று போட்டேன். படித்துவிட்டு என் தங்கை மகன் கேட்ட முதல் கேள்வி, “அவ்வளவு மோசமா மாமா?” என்பதுதான். 60 வாங்கினால் முதல் வகுப்பு என்று கேட்டு வளர்ந்தவன் நான். 70 எப்போது தோல்வியானது என்று எனக்கு விளங்கவில்லை. குறையும் நிறையும் இப்படிப் பின்னிக்கிடக்கும் கேமுக்குத் தீர்ப்பு எழுதும்போது நீங்கள் எதை முதலில் வைப்பீர்கள்? வெளிவந்த நாளில் அது இருந்த நிலைக்கா, பல திருத்தங்களுக்குப் பிறகு இன்று இருக்கும் நிலைக்கா, எதற்கு மதிப்பெண் போடுவது?

கூட்டம் சேர்ப்பவன்:

உங்கள் தங்கை மகன் கேட்டதில் தவறில்லை. மெட்டாகிரிட்டிக்கில் ஒரு கேம் 75-க்குக் கீழே போனாலே பச்சை நிறம் மஞ்சளாகிவிடும். அதே தளத்தில் திரைப்படம் ஒன்று 61 வாங்கினாலே பச்சைதான். ஆகவே 71 பெற்ற படம் பொதுவாகப் பாராட்டப்பட்ட படம், 71 பெற்ற கேம் கலவையான வரவேற்பைப் பெற்ற கேம். இந்தத் துறையில் தேர்ச்சிக் கோடே அவ்வளவு உயரத்தில் வரையப்பட்டிருக்கிறது என்பதால், உங்கள் பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது.

அதைவிட முக்கியமானது, அந்த எண் எப்படிப் பிறந்தது என்பது. 2010-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த ‘டெட்லி ப்ரிமனிஷன்’ கேமுக்கு ஐஜிஎன் தளத்தின் அமெரிக்கப் பதிப்பு பத்துக்கு 2 கொடுத்தது. டிஸ்ட்ரக்டாய்ட் தளம் பத்துக்குப் பத்து கொடுத்தது. ஒருவர் அதை விளையாடவே தகுதியற்றது என்றார், மற்றவர் அந்தக் கோணல்களே அதன் அழகு என்றார். எல்லோருடையதையும் கூட்டி வகுத்தபோது 68 வந்தது. அந்த இருவரில் ஒருவர்கூட அதை 68-க்குரிய கேம் என்று நினைக்கவில்லை. வந்த விமர்சகர்கள் எல்லோரும் தோளைக் குலுக்கிவிட்டு 7 போட்ட கேமும், பாதிப் பேர் 9 போட்டு மீதிப் பேர் 5 போட்ட கேமும் பட்டியலில் ஒரே இடத்தில்தான் நிற்கும். வாங்குபவருக்கோ இவை முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள். இரண்டாவது வகையில் அவருக்குப் பிடித்ததாக ஒரு கேம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, முதல் வகையில் அதற்கான வாய்ப்பு குறைவு.

‘டேஸ் கான்’ விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வெளியீட்டு நாளன்று விமர்சனம் வரவேண்டும் என்றால், முப்பது நாற்பது மணி நேரக் கேமைச் சில நாட்களுக்குள் விழுங்கியாக வேண்டும். இந்தக் கேமோ வேகமாகப் போகிறவரைத் தண்டிக்கும் கேம். வண்டிக்கு அருகிலோ பாதுகாப்பிடங்களிலோ இருந்தால்தான் சேவ் செய்ய முடியும். நினைத்த இடத்துக்குத் தாவிச் செல்லும் வசதிக்கும் பெட்ரோல் செலவாகும், வழியில் ஃப்ரீக்கர் கூடுகள் இருந்தால் அதுவும் இல்லை. முதலில் கிடைக்கும் டேங்க் மிகச் சிறியது. நாளைக்குள் எழுதித் தரவேண்டியவருக்கு இவையெல்லாம் காலில் இடறும் கற்கள். ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் உங்களுக்கு, ஒரு நீரோ சாவடிக்குப் போய், ஒலிபெருக்கிகளின் இணைப்பை அறுத்துவிட்டு ஜெனரேட்டரை இயக்கி, உயிரோடு திரும்பி வருவதே ஓர் இரவுக்குப் போதுமான கதை. விமர்சகர் பொய் சொல்லவில்லை. அவர் வேறொரு வேகத்தில் வேறொரு கேமை விளையாடினார். நீங்கள் எழுதும்போது, இதை எவ்வளவு நாளில், எப்படிப்பட்ட பொழுதுகளில் விளையாடினீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணைவிட அது பயன்படும்.

கறார் கணக்கர்:

மேலே எழுதிய நண்பரின் வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் விமர்சகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு கேமை வாசல் வழியாக அனுப்பிவைக்கிறது. மெதுவான தொடக்கம் என்பது வேகமாக விளையாடியதால் தோன்றிய மாயை அல்ல. 2016-இல் சோனி இந்தக் கேமை அறிமுகப்படுத்தியபோது மேடையில் காட்டியதே மர அறுவை ஆலையில் பாய்ந்து வரும் அந்தப் பெருங்கூட்டத்தைத்தான். அந்தச் சண்டையைக் கதை நம் கையில் கொடுப்பதோ மிகவும் பிந்தி. அதுவரை முகாம் விட்டு முகாம் அலைந்து, கொள்ளையர் கூடாரங்களைச் சுட்டு, கூடுகளைக் கொளுத்திக்கொண்டிருக்க வேண்டும். இருபது மணி நேரம் பொறுத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்வது பரிந்துரை ஆகாது. அந்த இருபது மணி நேரத்தில் நான் இரண்டு முழுமையான கேம்களை முடித்துவிடுவேன்.

பதிப்பு பற்றிய கேள்விக்கு: விற்பனைக்கு வைத்த பொருளைத்தான் எடைபோட வேண்டும். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளிவரும் முன்பு விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. அதை வைத்து உயர்ந்த மதிப்பெண்கள் வந்தன. பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் அந்த எண்ணை நம்பி வாங்கி என்ன பாடுபட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சில நாட்களிலேயே சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது, அது திரும்பி வர 2021 ஜூன் ஆனது. 2023-இல் வந்த 2.0 திருத்தத்துக்குப் பிறகு அது நல்ல கேம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் முழுப் பணம் கொடுத்தவருக்கு அந்த 2.0 எந்த ஆறுதலும் இல்லை. நீங்கள் 2021-க்குப் பிந்திய கணினிப் பதிப்பைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அதைத் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். 2019-இல் ஃபிரேம் ரேட் தடுமாறிய பதிப்பை விளையாடியவரைத் திருத்தப் போகாதீர்கள்.

மண்பொம்மை:

குறைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போடுவதுதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய குழு 2020-இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ நினைவிருக்கிறதா? தம்பி கோலுவை அசுரர்களிடமிருந்து மீட்கப் புறப்படும் ராஜி என்ற பெண்ணின் கதையைத் துர்க்கையும் திருமாலும் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் சொல்லியிருப்பார்கள். ராஜஸ்தானத்துக் கோட்டைகளை ஒத்த மாடங்கள், சுவரோவியங்கள், நிழற்பாவைக் காட்சிகள் என்று கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கைக்குத்தான் குறை. நாம் அழுத்துவதற்கும் அவள் திரிசூலத்தை வீசுவதற்கும் இடையே ஒரு தயக்கம் இருந்தது. தொலைவில் நிற்கும் கேமராவை நாம் திருப்ப முடியாது. கதையோ உச்சத்தை நெருங்கும்போது சட்டென்று அறுந்துவிடும்.

வெளிநாட்டு விமர்சகர்கள் இதையெல்லாம் நேராகவே எழுதினார்கள். நம் பக்கத்தில் பலர் எழுதியது ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பாணியில் இருந்தது; இந்தியாவில் இப்படி ஒன்று வந்ததே பெரிது என்று சொல்லிச் சண்டைக் காட்சிகளைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிட்டார்கள். அந்தக் கரிசனம் அந்தக் குழுவுக்கே நன்மை செய்ததா என்று எனக்கு ஐயம் உண்டு. ராஜியின் குறை, கேமில் நாம் அதிக நேரம் செய்யும் செயலிலேயே இருந்தது. ‘டேஸ் கான்’ அப்படி அல்ல. அதில் நாம் அதிகம் செய்வது வண்டி ஓட்டுவது, அதுவோ நன்றாக இருக்கிறது. ஒட்டுக்கேட்கும் மிஷன்கள் எரிச்சலூட்டுபவைதாம், ஆனால் அவற்றை வெட்டி எறிந்தாலும் கேம் நிற்கும். ராஜியிலிருந்து சண்டையை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஒரு நல்ல ஓவியக் கண்காட்சி.

குறை என்று சொல்லப்படுவது சில சமயம் குறையே அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ‘வெண்பா’ 2023-இல் வந்தபோது, மிகவும் சிறியது என்ற புகார் நிறைய எழுந்தது. உண்மைதான். வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடை பணத்தைத் திருப்பித் தரும்; அதற்குள் இந்தக் கேமை முடித்தேவிடலாம். ஆனால் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்ட வரியை ஊகித்து இட்லி வார்க்கும் வேலையைப் பத்து மணி நேரத்துக்கு நீட்டியிருந்தால், அதே விமர்சகர்கள் சலிப்பு என்று எழுதியிருப்பார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது.

பின்னிரவு ஆட்டக்காரர்:

மூவருக்கும் நன்றி. கறார் கணக்கர் சொன்ன மர அறுவை ஆலையை நான் அடைந்தது ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு அது நீண்டதாகத் தோன்றவில்லை என்பதற்காக அது நீளமில்லை என்று எழுதிவிட முடியாது. மண்பொம்மை காட்டிய வேறுபாட்டை என் கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன். எண்ணையே எடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். யூரோகேமர் தளம் 2015-இல் மதிப்பெண்களை நீக்கியதே, அது பயன்பட்டதா?

இரண்டாம் வாய்ப்பு:

நீக்கியது உண்மை, 2023-இல் ஐந்து நட்சத்திர முறையோடு திரும்பி வந்ததும் உண்மை. எண் இல்லாத விமர்சனத்தைப் பொறுமையாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கடைசி வரியை மட்டும் தேடிக் கீழே ஓடுகிறவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. உங்கள் வலைப்பூவுக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதால் தாராளமாக எடுத்துவிடுங்கள்.

அந்த எண்ணுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு ஒரு செய்தி. 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்ததாக, அதில் பணியாற்றிய கிறிஸ் அவெலோன் 2012-இல் வெளியிட்டார். வந்தது 84. வழுக்கள் மலிந்த நிலையில் வெளியானதற்கு விமர்சகர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தது நியாயமே. ஆனால் அந்த ஒற்றை மதிப்பெண், எழுதியவர்களில் யாரோ ஓரிருவர் 8-க்கும் 9-க்கும் இடையே பேனாவை வைத்துக்கொண்டு தயங்கிய ஒரு மாலைப்பொழுதாகக்கூட இருக்கலாம். இன்று அந்த வரிசையிலேயே சிறந்த கேம் எது என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் அதுதான்.

அதே நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ உங்கள் கேள்விக்கு இன்னும் பொருத்தமான கேம். உளவாளி கதை. துப்பாக்கியை எதிரியின் தலைக்கு நேராகப் பிடித்தாலும், திறன் புள்ளிகள் குறைவாக இருந்தால் குண்டு விலகிப் போகும். கணினி இயக்கும் எதிரிகள் சில நேரம் சுவரைப் பார்த்து நிற்பார்கள். ஆனால் உரையாடலில் பதில் சொல்லச் சில நொடிகளே கிடைக்கும், சொன்ன பதிலைப் பத்து மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் நினைவில் வைத்திருந்து உங்கள் முகத்துக்கு நேரே எடுத்துப் போடுவார். அதை அவ்வளவு துணிச்சலாகச் செய்த கேம்கள் இன்றும் குறைவு. பாடல் உரிமம் காலாவதியானதால் 2019-இல் கடைகளிலிருந்து காணாமல் போய், 2024-இல் கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் மீண்டும் வந்திருக்கிறது. முதல் மூன்று மணி நேரம் திட்டிக்கொண்டேதான் விளையாடுவீர்கள்.

பின்னிரவு ஆட்டக்காரர்:

‘டேஸ் கான்’ கட்டுரையிலிருந்து எண்ணை எடுத்துவிட்டேன். தலைப்பில் “கணினிப் பதிப்பு, இரண்டு மாத விளையாட்டுக்குப் பின்” என்று சேர்த்திருக்கிறேன். தங்கை மகனிடம் மீண்டும் படிக்கக் கொடுத்தேன். “சரி மாமா, ஆனால் பத்துக்கு எவ்வளவு?” என்கிறான். ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ ஜிஓஜி பதிப்பில் கன்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாராவது சொன்னால் இன்றிரவே வாங்கிவிடுவேன்.