ஹெலிகேஸ்: முறுக்கவிழ்ப்பியா, இழைபிரிப்பானா?

அன்புடையீர்,

கிளிநொச்சி உயர்தர மாணவருக்கான உயிரியல் செயலட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். டி.என்.ஏ.யின் முறுக்கிய இரட்டை இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் நொதியத்துக்கு ‘முறுக்கவிழ்ப்பி’ என்ற தமிழ்ப் பெயரையே பலரும் விரும்புகிறீர்கள். என்னால் அதை ஏற்க இயலவில்லை; ‘இழைபிரிப்பான்’ என்பதே பொருந்தும் என்கிறேன்.

ஆய்வுகூடத்தில் அளக்கப்படுவது எது என்று பாருங்கள். டி.என்.ஏ.யின் ஒரு சிற்றிழையின் நுனியில் கதிர்வீசும் பொசுபரசு-32ஐச் சேர்த்து, அதை நெடிய இழையொன்றுடன் சோடியாக்கி, நொதியமும் அதற்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யும் மக்னீசியமும் இட்டபின், சிறியதை முந்தவிடும் ஜெல்லில் மின்சாரத்தால் ஓடவிடுகிறார்கள். சோடி பின்தங்க, பிரிந்த சிற்றிழை முந்திச் சென்று தனிப்பட்டையாகத் தெரிகிறது. நொதியமே இல்லாமல் 95 பாகை செல்சியசில் சூடாக்கிய மாதிரியும் அதே இடத்தில் பட்டை தரும். ஒளிர்வு முறையிலும் ஒளிர்பொருள் ஓர் இழையிலும் அதைத் தணிப்பது மற்றதிலும் இருக்க, இழைகள் விலகினால்தான் ஒளி கூடுகிறது. ஆகவே சான்று பிரிவுக்கே உரியது. ஏறத்தாழ 10.5 மூலச் சோடிகள் பிரிய ஒரு சுற்று அவிழும் என்பது உண்மையே. ஆனால் நொதியத்துக்கு முன்னே இறுகிச் சேரும் முறுக்கை, இழையை வெட்டித் தளர்த்தி மீண்டும் ஒட்டித் தீர்ப்பது தொப்போஐசோமரேஸ் என்ற வேறொரு நொதியம்.

மல்லாவி ஆசிரியை முன்வைத்த ‘புரி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வைக்கோற்புரி திரித்த வீடுகளில் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. எனினும் ‘புரிபிரிப்பான்’ நாவில் இடறுகிறது. டி.என்.ஏ.யை ‘வலம்புரி’ என்ற மன்னார் அன்பர் ஒன்றை எண்ணவேண்டும்: நுனியை மேலே வைத்துப் பார்க்கும் உயிரியலாருக்கு வலம்புரிச் சங்கின் வாய் இடப்பக்கம் அமைவதால் அது இடச்சுழி, டி.என்.ஏ.யின் வழக்கமான வடிவமோ வலச்சுழி. பிள்ளைகள் குழம்புவார்கள்.

‘இழைபிரிப்பான்’ என்பதில் வரும் ‘ஆன்’ ஆண்பால் விகுதி என்ற மறுப்பும் நிற்காது. வயலில் மருந்து தெளிப்பானைச் சுமக்கும் கமக்காரர் எவரும் அதை ஆணென்று எண்ணுவதில்லை.

மேற்சொன்ன சோதனையில் பிரிந்த இழை மீண்டும் பழைய துணையுடன் சேராதபடி, அடையாளமிடாத இழையை மிகுதியாக இடுவார்கள். அதற்குக் ‘கண்ணியிழை’ என்ற பெயரை எவரும் மறுக்கவில்லை. காட்டோரம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணி தெரியும்.

பெரும்பான்மை முடிவுப்படி அச்சிடுங்கள், ஆனால் ‘இழைபிரிப்பான்’ என்பதையும் அருகே இடுங்கள். முறுக்கவிழ்ப்பியை விரும்புவோர் தொப்போஐசோமரேசுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள் என்பதை வெள்ளிக்கு முன் எழுதவேண்டும்.