புதுப்பிப்பு: கொல்லைக்கு வரும் கயோட்டி

மூணு வாரம் முன்னாடி, அமெரிக்காவுல சான் டியாகோவுல எங்க கொல்லைக்கு ராத்திரி கயோட்டி (ஓநாய் மாதிரி, அதைவிடச் சின்னக் காட்டு விலங்கு) வருது, நாய்க்குட்டியை வெளியே விடவே பயமா இருக்குன்னு எழுதியிருந்தேன் இல்லையா?

அதை விரட்ட மாட்டின, அசைவு தெரிஞ்சா எரியிற விளக்கு ரெண்டு நாள்தான் பலிச்சது. மூணாம் நாள் கயோட்டி அதே வெளிச்சத்துல நிதானமா நின்னு அத்திப்பழம் தின்னுக்கிட்டிருந்தது! மரத்தடியில உதிர்ந்த பழம்தான் அதை இழுத்திருக்கு. இப்ப சாயங்காலமே பொறுக்கிடறோம்.

ஆறடி வேலியிலயும் கால் வச்சு ஏறிடுதுங்க. அதனால விளிம்புல சுத்துற உருளைக் குழாய் மாட்டினோம், பிடிச்சா வழுக்கும். அடியில தோண்டாம இருக்க ஓரடிக்குக் கம்பிவலை புதைச்சாச்சு.

நேர்ல பார்த்தா ஓடாதீங்க, சத்தம் போடுங்க. என் மனைவி எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால அடிச்சதுல பக்கத்து வீட்டுக்காரரும் முழிச்சுக்கிட்டார்.

பத்து நாளா கயோட்டியைக் காணோம். இருந்தாலும் குட்டியை இன்னும் கயித்தோடதான் வெளியே கூட்டிட்டுப் போறேன்.