க்வில்ட் ஆரம்பிக்கணும்: பேட்டர்ன் முதலா, துணி முதலா?

இழைகோத்தவள்:
தோழிகளே, 45க்கு 54 இஞ்ச்ல மடியில போட்டுக்கிற மாதிரி ஒரு க்வில்ட் (துணித் துண்டுகளை ஒட்டி, அடித்துணி வச்சுத் தைக்கிற போர்வை) தைக்கணும். கைவசம் உள்ள காட்டன்: கருநீலத்துல வெள்ளைப் புள்ளி 1 மீட்டர், மெரூன் சுங்குடி 1½, கடுகு மஞ்சள் சின்னக் கட்டம் ¾, பெரிய தாமரை பிரிண்ட் 1, அரைவெள்ளை பாப்ளின் 2. எல்லாமே 44 இஞ்ச் பன்னா (அகலம்). நைன் பேட்ச் (3க்கு 3னு ஒன்பது சதுரம்), லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுத்திப் பட்டைகள், ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சம்), முக்கோணங்களால ஆன நட்சத்திரம் மூணும் பிடிச்சிருக்கு. பேட்டர்னை முடிவு பண்ணினா துணி ஒட்டல, துணியை எடுத்து வச்சா பேட்டர்ன் ஒட்டல. எதுல தொடங்கணும்?

கால்இஞ்ச்:
துணிதான் முதல்ல. அதுலயும் தாமரைதான் முதல்ல, ஏன்னா மத்ததை எவ்வளவு சின்னதா வெட்டினாலும் அது அதுவாவே இருக்கும், பெரிய பிரிண்ட் அப்படி இல்ல. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில 3 இஞ்ச் சதுரமா ஓட்டை போட்டு, தாமரைத் துணி மேல நகர்த்திப் பாருங்க. ஒரு இடத்துல பாதி இதழ், இன்னொரு இடத்துல வெறும் பச்சை, அடுத்ததுல தண்டு. தைச்ச பிறகு தெரியப்போறது அதுதான். அதே ஓட்டையை 9 இஞ்ச் ஆக்கினா பூ முழுசா உட்காரும்.

அதனால நைன் பேட்சையும் வெறும் கட்டத்தையும் மாத்தி மாத்தி வைக்கிற அமைப்பு எடுங்க. 9 இஞ்ச் கட்டம், குறுக்கே 5, நெடுக்கே 6, மொத்தம் 30. அதுல 15 நைன் பேட்ச், 15 வெறும் கட்டம். ஒரு நைன் பேட்சுக்கு 5 கருநீலம், 4 அரைவெள்ளை. எல்லாம் 3½ இஞ்ச் சதுரம், சுத்திலும் கால் இஞ்ச் தையலுக்குப் போனா 3 மிஞ்சும். அதாவது 75 நீலம், 60 வெள்ளை. துவைச்சுச் சுருங்கி, கரை போக, பன்னா முழுக்க வெட்டுற ஒரு பட்டையில 11 சதுரம்னே கணக்கு வைங்க: நீலம் 7 பட்டை (24½ இஞ்ச்), வெள்ளை 6 பட்டை (21 இஞ்ச்).

வெறும் கட்டம் தையலுக்கும் சேர்த்து 9½ இஞ்ச், பட்டைக்கு 4. பதினஞ்சையும் தாமரையிலேயே வெட்ட 38 இஞ்ச் நீளம் வேணும். 1 மீட்டர் துணி துவைச்ச பிறகு அது நிச்சயமில்ல. 12 மட்டும் தாமரை, மீதி 3 கடுகு மஞ்சள்ல. பூ தலைகீழா திரும்பிடாம, வெட்டின உடனே ஒவ்வொண்ணுலயும் மேல் பக்கம் சாக்ல குறி போட்டுடுங்க.

ஓர விளிம்புக்கு 2½ இஞ்ச் பட்டை 6. அதுவும் கடுகு மஞ்சள்லயே வந்துடும். பின்பக்கத்துக்கு மட்டும் 3 மீட்டர் புதுசா வாங்கணும். நாலு பக்கமும் 4 இஞ்ச் கூடுதலா, 53க்கு 62 வேணும். 44 பன்னாவுல ஒட்டுப் போடாம முடியாது.

கஞ்சிக்காரி:
மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா கத்திரி வைக்கிறதுக்கு முன்னால அஞ்சையும் தனித்தனியா துவைங்க. முக்கியமா மெரூன் சுங்குடி. ஈரமா இருக்கும்போதே அது மேல வெள்ளைத் துணி வச்சு சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்க. ரோஸ் கலர் ஏறினா மறுபடி துவைங்க. மூணு நாலு தடவைக்கு அப்புறமும் ஏறிட்டே இருந்தா இந்த க்வில்ட்டுல அதுக்கு இடம் இல்ல. உப்புத் தண்ணி, வினிகர்னு சொல்வாங்க. நிக்காத சாயத்தை அது நிக்க வைக்காது.

காய்ஞ்சதும் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி வெட்டுங்க. மெல்லிசு காட்டன் பட்டையா வெட்டும்போது நெளியும், கஞ்சி இருந்தா நேரா நிக்கும்.

கலர் குழப்பத்துக்கு: எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு, போன்ல கறுப்பு வெள்ளையா போட்டோ எடுங்க. நீலமும் மெரூனும் ஒரே சாம்பலா தெரியும் பாருங்க. ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டா டிசைன் எட்டி நின்னு பார்க்க மங்கிடும். சிவப்பை மட்டும் போட்டோவை நம்பி முடிவு பண்ணாதீங்க, நேர்ல தெரியுறதைவிட இருட்டா காட்டும்.

வெட்டுத்துணி:
நட்சத்திரத்தை இப்போதைக்கு விடுங்க. முக்கோணத்தோட நீளப் பக்கம் கிராஸ்ல (துணி இழைக்குச் சாய்வா) வரும், கை பட்டாலே இழுபடும், முனை மழுங்கும். லாக் கேபினுக்கு இது அஞ்சும் போதாது. இருட்டுப் பக்கம் மூணு, வெளிச்சப் பக்கம் மூணாவது இருந்தாதான் அழகு.

தேர்ந்தெடுக்கிறதே தலைவலின்னா கவந்தி பாருங்க. கர்நாடகா, உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் கையில தைக்கிறது. முன்கூட்டி பேட்டர்ன் கிடையாது. ஓரத்துல தொடங்கி, பழைய துணித் துண்டுகளை ஓரம் மடிச்சு மடிச்சு வச்சு, அடித்துணியோட சேர்த்து நேர்த்தையல் போட்டுக்கிட்டே நடுவுக்கு வருவாங்க. ஒட்டும் தையலும் ஒரே வேலை. மூலையில மடிச்சு வைக்கிற சின்னத் துண்டுக்குப் பேர் பூலா. உங்க சுங்குடி சாயம் விடலைன்னா அதுக்குப் பொருத்தமான இடம் இதுதான்.

இழைகோத்தவள்:
நைன் பேட்ச்தான். மொத்தத்தையும் ஒரே மூச்சுல வெட்டிடலாமா?

கால்இஞ்ச்:
வேணாம். முதல்ல ஒரே ஒரு நைன் பேட்ச் தைச்சு, இஸ்திரி பண்ணி அளங்க, 9½ வரணும். 9¼ வந்தா தையல் ஒவ்வொரு ஓரத்துலயும் 1/16 இஞ்ச் கூட எடுக்குது. ரெண்டு தையல், நாலு ஓரம், கால் இஞ்ச் காலி. பிரெஸ்ஸர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் கால்) ஓரத்தை நம்பாம, ஊசியிலிருந்து சரியா கால் இஞ்ச் தள்ளி மிஷின் மேல டேப் ஒட்டி அதை ஒட்டியே ஓட்டுங்க. இஸ்திரி போடும்போது தையலை நீலத் துணி பக்கம் சாய்ங்க. அடுத்தடுத்த வரிசையில எதிரெதிரா படியும், முனை தானா பூட்டிக்கும்.

பதினஞ்சும் தைச்சு முடிச்சு அளந்த பிறகுதான் தாமரையை வெட்டணும். நைன் பேட்ச் எல்லாமே ஒரே சீரா 9¼ வந்திருந்தா தாமரையையும் 9¼லயே வெட்டிடுங்க. க்வில்ட் ஒண்ணு ரெண்டு இஞ்ச் சின்னதாகும், யாருக்கும் தெரியாது. ஒண்ணு 9¼, ஒண்ணு 9½னு இருந்தாதான் ஓரம் அலை அலையா வரும்.