நர்ஸ் பற்றாக்குறை: மாணவர்கள் மனு அனுப்பினால் எடுபடுமா? யாருக்கு, எப்படி எழுதுவது?

கேள்வி | மூணாம்_வருஷம்

பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறோம். அரசு மருத்துவமனை வார்டுகளில் நர்ஸ் எண்ணிக்கை போதவில்லை என்று 200 மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி அமைச்சருக்கு அனுப்பலாம் என்று எங்கள் எஸ்.என்.ஏ. (மாணவர் செவிலியர் சங்கம்) கிளையில் பேச்சு. 2023 தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் பற்றிய கோரிக்கைகளையும் அதே மனுவில் சேர்க்கச் சொல்கிறார்கள். இப்படி அனுப்பலாமா? மாணவர்கள் எழுதினால் மதிப்பு உண்டா? கல்லூரியில் பிரச்சினை வருமா?

பதில் 1 | ஷரத்து_வாரியாக

இரண்டையும் ஒரே மனுவில் கட்டாதீர்கள். மருத்துவமனை, பொது சுகாதாரம் எல்லாம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 6ஆவது இனம். ஆகவே வார்டில் எத்தனை பணியிடம் என்பதைச் சென்னையில் சுகாதாரத் துறைதான், நிதித் துறையின் ஒப்புதலோடு, அரசாணையாகப் போடும். பாடத்திட்டமும் நர்ஸ் பதிவும் பொதுப் பட்டியல். அதற்குத்தான் 2023 மத்தியச் சட்டம். கலந்து எழுதினால் இரு பக்கமும் 'இது எங்களுடையதல்ல' என்று தள்ளிவிட வசதியாகிவிடும்.

அடுத்தது நேரம். இந்தச் சட்டத்தின் வரைவு 2020 நவம்பரிலேயே மக்கள் கருத்துக்கு வந்தது. மசோதா மக்களவையில் அறிமுகமானது 2023 ஜூலை 24, நிறைவேறியது ஜூலை 28. ஆகஸ்ட் 8 மாநிலங்களவை, 11 குடியரசுத் தலைவர் ஒப்புதல். ஜூலையில் விழித்துக்கொண்டவர்களுக்கு நான்கு நாள்தான் கிடைத்தது. கருத்துச் சொல்லும் இடம் 2020இல்தான் இருந்தது. இனி உள்ள இடம் சட்டத்தின்கீழ் வரும் விதிகளும் ஒழுங்குமுறைகளும். மாணவர்களைத் தினசரி தொடும் ஆசிரியர் விகிதம், கிளினிக்கல் மணி நேரம், தேர்வு எல்லாம் சட்டத்தில் இருக்காது, அவற்றில்தான் இருக்கும்.

மத்திய அரசின் 2014 சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கைப்படி வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும். நாள் எண்ணுவது அறிவிப்புத் தேதியிலிருந்து. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல. கிளையில் ஒருவர் வாரம் ஒருமுறை அமைச்சகத்தின் தளத்தைத் திறந்து பார்க்கப் பொறுப்பேற்றால் போதும்.

எழுதும் முறை: ஷரத்து எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம். நான்கே கட்டம். உதாரணத்துக்கு, வரைவில் "போதிய ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். "இது மாணவர்களைப் பாதிக்கும்" என்று இரண்டு பக்கம் எழுதுவதில் பயன் இல்லை. "'போதிய' என்பதற்குப் பதில் 'பத்து மாணவருக்கு ஒருவருக்குக் குறையாமல்' என்று மாற்றுக" என்று எழுதுங்கள். 1:10 ஏற்கெனவே இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு என்று காரணக் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. வரைவு எழுதும் அதிகாரி அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி இருக்க வேண்டும். ஒரே வாசகம் 200 பிரதி வந்தால் பெரும்பாலும் ஒரு கருத்தாகத்தான் தொகுப்பார்கள்.

நாடாளுமன்ற நிலைக்குழு விளம்பரம் கொடுத்து குறிப்பு கேட்டால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்ப வேண்டியிருக்கும். குழுவுக்குக் கொடுத்த குறிப்பைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். அது குழுவின் ஆவணம், வெளியிட்டால் நாடாளுமன்ற உரிமை மீறலாகும்.

பதில் 2 | பத்து_ரூபாய்_வில்லை

பற்றாக்குறை என்று எழுதுமுன் எண்ணைக் கையில் வையுங்கள். போஸ்டிங் போகும் வார்டில் நின்று எண்ணிய கணக்கு வேண்டாம். ட்யூட்டி ரோஸ்டரைப் படம் எடுத்து அனுப்பவே கூடாது. அதில் பணியாளர் பெயர்கள் இருக்கும், பின்னால் நோயாளி விவரமும் மாட்டிக்கொள்ளும், கிளினிக்கல் அனுமதியே போய்விடும்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, ஒரு மாணவரின் சொந்தப் பெயரில் மனு. எஸ்.என்.ஏ. பெயரில் போட்டால், குடிமக்கள்தான் கேட்கலாம் என்று திருப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி இயக்ககம். மாவட்டத் தலைமை, தாலுகா மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககம். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககம். தப்பான இடத்துக்குப் போனால் 5 நாளில் மாற்றி அனுப்பச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் நாள் இழுக்கும்.

"ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இன்ன மருத்துவமனையில், இன்ன தேதியில், செவிலியர் பதவியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, படுக்கை எத்தனை, பணியிடங்களை அனுமதித்த அரசாணையின் நகல்." 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

பதில் 3 | ஒன்பதுக்கு_ஒன்று

எண் வந்ததும் விகிதத்தோடு ஒப்பிடுவீர்கள். அங்கேதான் மனு கவிழும்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் நர்ஸ் எண்ணிக்கை அளவுகோலில் போதனை மருத்துவமனைப் பொது வார்டுக்கு 1:3 என்று இருப்பதை, மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் எந்த ஷிஃப்டிலும் நிற்க வேண்டும் என்று படிக்கிறார்கள். அப்படி இல்லை. மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்த மொத்தம் அது, ஷிஃப்டுக்கு 1:9. அதன் மேல் விடுப்புக்கென்று 30 சதவீதம். ஐ.சி.யு.வுக்கு 1:1 என்பதும் அப்படியே, ஷிஃப்டுக்கு 1:3.

30 படுக்கை வார்டு என்றால்: 30ஐ 3ஆல் வகுத்தால் 10, விடுப்புக்கு 3, ஆக 13 பணியிடம். தப்பாகப் படித்தவர் ஷிஃப்டுக்கு 10 பேர் வேண்டும், மொத்தம் 30 பேர் என்று எழுதுவார். கோப்பு பார்க்கும் எழுத்தருக்கே 1:9 தெரியும். மிச்சம் எதையும் படிக்க மாட்டார்.

ஷிஃப்டில் ஒன்பது பேருக்கு ஒரு நர்ஸ் என்பதே கொடுமை என்பது என் கருத்து. அப்படி நினைத்தால் "அளவுகோலை மாற்றுங்கள்" என்று தனியாகக் கேளுங்கள். "அளவுகோலை மீறுகிறீர்கள்" என்று குற்றம் சாட்டுவது வேறு விஷயம். அந்த அளவுகோலும் பரிந்துரைதான், மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. தனியார் நர்ஸ் சம்பளத்துக்கும் இதே கதி: 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது, மாநிலங்கள் சட்டமாகவோ ஆணையாகவோ ஆக்கினால்தான் பலன்.

மூணாம்_வருஷம்

நன்றி. 1:3ஐ நாங்களும் தப்பாகத்தான் போட்டிருந்தோம். கல்லூரிப் பிரச்சினை பற்றி யாரும் சொல்லவில்லையே?

பதில் 4 | ஷரத்து_வாரியாக

1973 அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பணியில் இருப்பவர்களுக்கு; மாணவர்களுக்குப் பொருந்தாது. அரசு வேலையில் உள்ள சீனியரின் கையெழுத்தை வாங்காதீர்கள், சிக்கல் அவருக்குத்தான். கல்லூரியின் லெட்டர்ஹெட், முத்திரை, பெயர் எதையும் பிரின்சிபாலின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. வரைவை அவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது. மறுத்தால் ஐந்து பேர் சொந்தப் பெயரில், வீட்டு முகவரியில் அனுப்புங்கள். யார் குடிமகனாகக் கருத்து அனுப்பினாலும் தடுக்க வழி இல்லை.

எம்.பி. மூலம் கேள்வி கேட்க வைப்பதாக இருந்தால் மக்களவைக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு, 150 வார்த்தைக்குள். கேள்வியை நீங்களே எழுதி அவர் உதவியாளரிடம் கொடுங்கள். மாநிலப் பணியிடம் பற்றி அங்கே கேட்டால் "மாநில அரசின் பொருள்" என்று ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடும். அதற்கு எம்.எல்.ஏ.வைப் பாருங்கள், சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு.