நைட் டியூட்டிக்குப் பிறகு ஒரு சிக்குக் கோலம்

மதுரை, ஐசியூ நர்ஸ்:

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. டியூட்டி முடித்து ஹாஸ்டலுக்கு வந்தாலும் காதுக்குள் மானிட்டர் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். யாருடனும் பேசப் பிடிக்காது. உடன் படித்த தோழி இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். அவள்தான் கூகுள் மீட் லிங்க் அனுப்பி, "பேச வேண்டாம்டி, கோலம் போடலாம் வா" என்றாள்.

ஐந்தாறு பேர் சேர்வோம். கேமரா முகத்தைப் பார்க்காது, நோட்டைத்தான் பார்க்கும். ஒருத்தி புள்ளி சொல்வாள்: நேர்ப்புள்ளி, 7 முதல் 1 வரை. சிக்குக் கோலம் மட்டும்தான். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவு மாறினாலும் எங்கேயோ ஒரு புள்ளி விட்டுப்போகும். வார்டு நினைப்பு நுழைய இடமே இருக்காது. யாராவது சிக்கிக்கொண்டால் நோட்டைத் தூக்கிக் காட்டுவாள், "வலப்பக்கம் வளைடி" என்று மற்றவர்கள் வழி சொல்வோம். வேலைப் பேச்சு மட்டும் கூடாது.

நடுவில் வாரம் ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுப் பார்த்தோம். லைக் எண்ண ஆரம்பித்ததும் சிலர் வருவதையே விட்டுவிட்டார்கள். அப்புறம் அதை நிறுத்திவிட்டோம்.

சென்னை, சாஃப்ட்வேர் டெஸ்டிங்:

எங்கள் அலுவலகத்திலும் மன அழுத்தம் குறைய ஆன்லைன் ஓவிய வகுப்பு வைத்தார்கள். சனிக்கிழமை காலையில், கேமரா கட்டாயம், அட்டெண்டன்ஸ் வேறு! அதற்கு, புது சாஃப்ட்வேர் ரிலீஸ் ஆகும் இரவுகளில் நாங்களாக ஆடும் ஆட்டம் எவ்வளவோ மேல். தலை ஒருவர், உடல் ஒருவர், கால் ஒருவர் என்று பார்க்காமல் வரைந்து கடைசியில் சேர்த்துப் பார்ப்போம். 1920களில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் (கனவு மாதிரி விசித்திரமாகப் படைத்த கலைஞர்கள்) காகிதத்தை மடித்து ஆடிய ஆட்டம்தான் இது. மேனேஜர் தலைக்குக் கீழே ஆக்டோபஸ் வந்த அன்று சிரித்து மாளவில்லை.

திருச்சி, கல்லூரி ஆசிரியை:

வரையத் தெரியாதவர்களும் தயங்க வேண்டாம். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் தங்களுக்குப் பிடித்த கலைவேலையைச் செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்திருந்தது. முன்பே பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் இல்லை. (சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை.) ஆனால் பர்ன்அவுட் (வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவது) என்பது வேலையிடத்து அழுத்தத்தால் வருவது என்றுதான் உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொன்னது. மதுரைத் தங்கையே, உங்கள் நைட் டியூட்டி குறைந்ததா?

மதுரை, ஐசியூ நர்ஸ்:

எங்கே அக்கா! ரோஸ்டரை மாற்றச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். மேட்ரன் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அதுவரை காலை எட்டரைக்குக் கோலம் உண்டு. வர நினைப்பவர்கள் பென்சில் எடுத்து வாருங்கள், பேனா வேண்டாம்.