ஹாஃப்-லைஃப் 2: கார்டன் வாயே திறக்காதது உங்களுக்கு உறுத்தவில்லையா?

பாலாற்று மணல்:

ஹாஃப்-லைஃப் 2 என்ற கம்ப்யூட்டர் கேமை போன வாரம்தான் முடித்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

2005-ல் காட்பாடி காந்தி நகர் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் முதன்முதலாக ஆடினேன். கேம் அங்கே எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மணிக்கு 20 ரூபாய். நேரம் முடியும்போது எஃப்6 தட்டி சேவ் செய்துவிட்டு எழுந்து வருவேன். எனக்கு அடுத்து உட்காருகிறவன் முதலிலிருந்து ஆரம்பித்து அவனும் எஃப்6 தட்டியிருப்பான். மறுநாள் போய் எஃப்9 தட்டினால் பழையபடி கதை தொடங்குகிற சிட்டி 17 ரயில் நிலையம். அங்கே காவலுக்கு நிற்கிற முகமூடிக்காரன் ஒரு டின்னைக் கீழே தட்டிவிட்டு "பொறுக்கு" என்பான். எத்தனை தடவை பொறுக்கினேன் என்று கணக்கே இல்லை. படகு கிடைக்கிற கால்வாயைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை.

2024 நவம்பரில் இருபது வருட நிறைவுக்காக அதை உருவாக்கிய வால்வ் கம்பெனி சில நாள் இலவசமாகக் கொடுத்தபோது, ஸ்டீம் என்ற அவர்களுடைய ஆன்லைன் கடையில் எடுத்து வைத்தேன். லாங் பஜார் பக்கம் பிளக்ஸ் அடிக்கிற கடை நமக்கு. டிசைன் போடுகிற கம்ப்யூட்டரிலேயே, வீட்டுக்கு வந்து பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஆடி முடித்தேன்.

கேமில் ஹைவே 17 என்று ஒரு கடற்கரைச் சாலை, அங்கே காரை நிறுத்திவிட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். படகுத்துறை அந்தரத்தில் நிற்கிறது, கீழே தண்ணீர் இல்லை. படகுகள் மண்ணில் சாய்ந்து கிடக்கின்றன. கடல் எங்கேயோ கீழே இறங்கிவிட்டது. ஏன் என்று அந்த இடத்தில் ஒருவரும் உட்கார்ந்து விளக்கவில்லை. தினம் காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்கு வருகிறவனுக்கு விளக்கவும் வேண்டாம். அவ்வளவு நீளப் பாலம், கீழே மணலும் முள்ளுச்செடியும். (2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன்.) இப்படிச் சொல்லாமல் சொல்கிற கதைதான் எனக்குப் பிடித்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாம் ஆடுகிற நாயகன் கார்டன் ஃப்ரீமேன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதல் சந்திப்பிலேயே, அவனுக்கு உதவுகிற அலிக்ஸ் என்ற பெண் "அதிகம் பேசாத ஆள் போல" என்று கிண்டலடிப்பாள். அதுவரை நானும் ரசித்தேன். கடைசியில் வில்லன் பிரீனின் அறையில் அவளையும் அவள் அப்பாவையும் பிடித்து வைத்துக்கொண்டு அவன் பாட்டுக்குப் பேசுகிறான், அப்போதும் நம் ஆள் கம்மென்று இருக்கிறான். பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணு இம்மாம் பேசுது, இவன் இன்னாடா வாயே தொறக்க மாட்டேன்றான்? ஊமையா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு?

கோட்டை அகழி:

ஊமை இல்லை அண்ணே, அந்த வாய் உங்களுக்காக விட்டு வைத்தது.

கேம் முழுக்க கேமரா கார்டன் கண்ணை விட்டு வெளியே போவதே இல்லை. தனியாக சினிமா மாதிரி வெட்டிக் காட்டுகிற காட்சி கிடையாது. விஞ்ஞானி டாக்டர் கிளைனர் முக்கியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேஜை மேல் ஏறிக் குதிக்கலாம். அந்த டின்னை நான் பொறுக்கவில்லை, அவன் மூஞ்சியிலேயே எறிந்தேன். தடியோடு துரத்தி வந்து அடித்தான். அதற்கு கேம் தருகிற பதக்கம், ஒரு அச்சீவ்மென்ட்டே உண்டு. அந்த இடத்தில் கார்டன் "இருடா, உன்னைக் கவனிச்சுக்கிறேன்" என்று வசனம் பேசியிருந்தால் கோபம் அவனுடையதாகப் போயிருக்கும். இப்போது அது என்னுடையது.

ஜாம்பிகள் நிறைந்த ரேவன்ஹோம் ஊரிலும் பாருங்கள். நுழைந்ததும் ரம்ப வட்டு ஒன்று செருகி நிற்கிறது, பக்கத்திலேயே இரண்டாக வெட்டுப்பட்ட ஜாம்பி. பொருள்களை இழுத்து வீசுகிற கிராவிட்டி கன்னால் அதைப் பிடுங்கினால் எதிரே இன்னொருவன் வருகிறான். என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னார்களா?

குடியாத்தத்தான்:

அகழி சொல்வது ஹாஃப்-லைஃபுக்குச் சரி. மெட்ரோ எக்ஸோடஸ் ஆடிப் பாருங்கள், எரிச்சல் வரும். ஒரு பகுதி லோடு ஆகும்போது நாயகன் ஆர்ட்டியோம் தன் குரலில் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். ஆட்டம் ஆரம்பித்தால் வாய்க்குப் பூட்டு. ரேடியோவில் கூப்பிடுகிறார்கள், "ஆர்ட்டியோம், கேட்கிறதா?" என்கிறார்கள், பதில் இல்லை. பெண்டாட்டி அன்னா பக்கத்தில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுகிறாள், அதற்கும் இல்லை. ஒன்று பேசு, இல்லை பேசாதே. எங்கள் வீட்டில் அப்படி இருந்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

மற்றபடி நல்ல கேம். கேஸ் மாஸ்க் கண்ணாடியில் அழுக்குப் பட்டால் கையால் துடைக்க ஒரு பட்டன் இருக்கிறது. அதற்காகவே ஆடலாம்.

ராணிப்பேட்டை ராணி:

மணல் அண்ணா, டைட்டன்ஃபால் 2 ஆடுங்கள். 2016 அக்டோபரில், பேட்டில்ஃபீல்டுக்கும் கால் ஆஃப் டூட்டிக்கும் நடுவில் வெளியிட்டு நசுங்கிப்போன கேம். கதை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதில் நாயகன் கூப்பர் பேசுவான், அதுவும் நீங்கள் தேர்ந்தெடுக்கிற பதிலை. பி.டி. என்று ஒரு ராட்சத ரோபோ அவனுக்குத் துணை. கிண்டலைக்கூட கணக்கு வாத்தியார் மாதிரி அர்த்தம் பண்ணிக்கொள்ளும். ஓரிடத்தில் "என்னை நம்பு" என்று சொல்லிவிட்டு உங்களைத் தூக்கி பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வீசும். நான் நிஜமாகவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பாழடைந்த ஆய்வகத்தில் ஒரு பட்டனை அழுத்தி அது நன்றாக இருந்த காலத்துக்கும் இப்போதைக்கும் மாறி மாறிப் போகிற பகுதி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்லிக் கெடுக்க மாட்டேன். செட்டிங்ஸைக் குறைத்தால் 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும்.

பாலாற்று மணல்:

அகழி, டின் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பொறுக்கியது என் புத்தி, கார்டன் மேல் தப்பில்லை. ஆனால் யோசித்துப் பார்த்ததில் என் குறை எங்கே என்று பிடிபட்டது. பிரீனின் அறையில் நாம் கட்டுண்டு கிடக்கிறோம். கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான். குதிக்க முடியாது, எறிய முடியாது. வாய்க்குப் பதிலாக கையைக் கொடுத்தார்கள், சரி. அங்கே கையையும் வாங்கிக்கொண்டார்களே?

ராணி, டைட்டன்ஃபால் 2 நேற்று இரவு ஆரம்பித்தேன். பி.டி. பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா, "இந்த இரும்பு எவ்ளோ தேவலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.