சோமாலி, எரித்ரியப் பெண்கள் குழுக்களோடு பழகியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மினியாபொலிஸிலிருந்து:

நானே தொடங்குகிறேன். இங்கே சீடர்-ரிவர்சைடு என்ற பகுதியின் அடுக்குமாடிகளில் சோமாலியக் குடும்பங்கள் அதிகம். 1991-இல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்து போர் மூண்ட பிறகு வந்தவர்கள், அவர்களைத் தொடர்ந்து வந்த சொந்தபந்தங்கள். இந்த அடுக்குமாடிகளில் உள்ள ஒரு பெண்கள் குழுவில் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குச் சொல்லித்தரப் போனேன். வந்தவர்களில் பாதிப்பேர் பாட்டிமார், ஆடும் ஒட்டகமும் மேய்த்து வளர்ந்தவர்கள். சோமாலி மொழிக்கு அரசு ஒரு எழுத்துமுறையை ஏற்றதே 1972-இல்தான். அவர்களிடம் அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்து என்ன பயன்? ஆனால் காதால் கேட்டு மனப்பாடம் செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 55 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 15 வருஷம் இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. வரலாறு, அரசாங்கம் பற்றிய கேள்விகளுக்குச் சொந்த மொழியிலேயே பதில் சொல்லலாம். இது தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் இருந்தார்கள். குழு செய்த பெரிய உதவியே இதை வீடுவீடாகப் போய்ச் சொன்னதுதான்.

அந்தக் குழுவில் எனக்குப் பிடித்தது பின்னல் வேலை. சோமாலி நாடோடிகளின் வட்டக் குடிலைக் கட்டுவது, பிரிப்பது, ஒட்டகத்தில் ஏற்றுவது எல்லாம் பெண்கள் பாடு. மேலே போர்த்தும் பாய்களையும் அவர்களே பின்னுவார்கள். (இங்கே மினியாபொலிஸில் 2013-இல் தொடங்கிய சோமாலி அருங்காட்சியகத்தில் அந்தக் குடிலைப் பார்க்கலாம்.) ஒரு பாட்டி நூல் முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பின்னிக்கொண்டே, அரசின் மூன்று பிரிவுகளையும் தலை நிமிராமல் ஒப்பிப்பார். அவர் தேர்ச்சி பெற்ற அன்று இன்னொரு அம்மா அவர் பெயரை வைத்து அங்கேயே ஒரு புரான்புர் கட்டினார். பெண்களுக்கே உரிய பாட்டு அது. ஒருவர் மேளம் தட்ட, மற்றவர்கள் கைதட்ட, பாட்டி ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும்!

ஸ்கார்பரோவிலிருந்து:

அக்கா, எங்கட பக்கம் எரித்ரியப் பெண்கள். கோப்பிக்குக் கூப்பிட்டால் அவசரமாகப் போகக் கூடாது. பச்சைக் கொட்டையை எங்கள் முன்னாலேயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து காட்டுவார்கள். பிறகு அரைத்து, ஜெபெனா என்ற மண் பாத்திரத்தில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் மூன்று சுற்று. மூன்றாவதுதான் ஆசீர்வாதச் சுற்று, அதற்கு முன் எழும்பினால் மரியாதை இல்லை. புதிதாக வந்த பிள்ளை முதல் சுற்றில் வாயே திறக்க மாட்டாள். மூன்றாவதில்தான் வீட்டுக்காரர் வாடகை ஏற்றினது, அகதி விசாரணைத் திகதி எல்லாம் வெளியில் வரும். உடனே யாராவது ஒருவர் போனை எடுப்பார்.

சீட்டும் உண்டு, எக்குப் என்பார்கள். ஆளுக்கு ஒரே தொகை, முறை வைத்து ஒருவருக்கு மொத்தமும் போகும். எங்கட ஏலச் சீட்டு மாதிரிக் கழிவு கிடையாது. அவசரம் என்றால் தன் முறையை விட்டுக்கொடுப்பார்கள்.

மெல்பர்னிலிருந்து:

எல்லாம் சரி, ஆனால் மானியம் தருகிறவர்களுக்கு மேடை நடனம்தான் வேண்டும். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாராவாரம் வகுப்பு நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டால் கை சுருங்கிவிடும்.

மினியாபொலிஸிலிருந்து:

இங்கேயும் அதே கதைதான். கைக்குழந்தைக்காரிகள் வராமல் போவதற்கு அதுதான் காரணம். சேர நினைப்பவர்கள் என்னைப் போலப் பாடம் நடத்தப் போவதைவிடக் குழந்தை பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.